கொல்லனை யார் விசாரித்தார்கள்?

சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசாத பட்டிமன்றம் இல்லை. எழுதாத புலவர் இல்லை. கண்ணகி உயர்ந்தவளா, மாதவி உயர்ந்தவளா என்று விடிய விடிய வாதாடியிருக்கிறோம். கோவலன் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறோம். ஆனால் அந்தக் காப்பியத்தின் நடுவே ஒரு வழக்கு இருக்கிறது. குற்றம் செய்யாத ஒருவன் மேல் திருட்டுப் பழி சுமத்தி, விசாரணையே இல்லாமல், ஒரே ஒருவனுடைய சொல்லை நம்பி, மரண தண்டனையை நிறைவேற்றிவிட்ட வழக்கு. அதை ஒரு வழக்காகவே எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் என்ன தெரியும்? இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்து பார்க்க நினைக்கிறேன்.

நான் புலவன் அல்லன். சட்டம் படித்தவனும் அல்லன். கதை எழுதுகிறவன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சம்பவத்தைக் கேட்டால், அது யார் யார் கை வழியாக நடந்தது என்று பார்க்கத் தோன்றும். கொலைக்களக் காதையை அப்படிப் பார்க்கும்போது நான்கு கைகள் தெரிகின்றன.

முதல் கை பொற்கொல்லனுடையது. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. கோவலன் ஒற்றைச் சிலம்பை விலைக்குக் கொண்டுவந்து காட்டியதும், தன் திருட்டை இவன் தலையில் கட்டிவிடலாம் என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்துவிடுகிறான். தன் குடிசைக்குப் பக்கத்தில் கோவலனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்கு நடக்கிறான்.

இரண்டாவது கை அரசனுடையது. அவன் அப்போது நீதி மண்டபத்தில் இல்லை. ஊடல் கொண்டு போன தேவியைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் என் குடிசையில் அகப்பட்டிருக்கிறான் என்கிறான். அரசன் நின்று ஒரு கேள்வி கேட்கவில்லை. காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று உத்தரவிடுகிறான். அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். சிலம்பு யாருடையது என்பது அங்கே கேள்வியில்லை. அவன் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விற்க வந்தவன் கையில் சரக்கு இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

மூன்றாவது கை காவலர்களுடையது. இளங்கோவின் மேதையை நான் இந்த இடத்தில்தான் காண்கிறேன். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்று வாய்விட்டே சொல்கிறார்கள். நீதி தப்பிப் பிழைத்திருக்கக் கூடிய ஒரே இடம் அதுதான். ஆனால் கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களுக்குத் துணை எட்டு என்று விரல்விட்டு எண்ணிக் காட்டி ஒரு பிரசங்கமே செய்துவிடுகிறான். குற்றவாளியே நிபுணனாகி, நிரபராதிக்கு எதிராகச் சாட்சி சொல்லும் விசித்திரம் இது. அதைக் கேட்ட காவலர்களுள் ஓர் இளைஞன் தன் அனுபவத்தை எடுத்து விடுகிறான். மழைக்கால இரவொன்றில் தான் கண்ட திருடன், தான் உருவிய வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டான் என்கிறான். இவர்கள் தொழிலே அப்படி. விட்டுவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான். என்ன செய்யலாம், சொல்லுங்கள் என்று முடிக்கிறான்.

நான்காவது கை வாளோடு வருகிறது. படிப்பறிவு இல்லாத, குடித்திருந்த ஒருவன் யோசனையெல்லாம் வேண்டாம் என்று வெட்டிவிடுகிறான்.

நாம் வெட்டியவனைத் திட்டுவோம். எனக்கோ அவனைவிட அந்த இளைஞனுடைய பேச்சுத்தான் அதிகம் உறுத்துகிறது. திருடனைத் தப்பவிட்டால் தண்டனை உண்டு என்பது அவனுக்குத் தெரியும். நிரபராதியைக் கொன்றால் நமக்கு என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை; ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் பயம், மறு பக்கம் பயமே இல்லை. தராசு அப்படி இருக்கும்போது முள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை. கோவலனுடைய தலை அந்த வாளுக்கு முன்னாலேயே, அந்தத் தராசிலேயே விழுந்துவிட்டது.

பிறகு வழக்குரை காதை. கண்ணகி வருகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்துவிடுகிறது. எவ்வளவு சின்னப் பரிசோதனை! கோவலன் உயிரோடு இருந்தபோதே இதைச் செய்திருக்கலாம். சாட்சியம் எங்கோ காட்டில் புதைந்து கிடக்கவில்லை. காவலர்கள் கையிலேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அரசன் தவறை உணர்ந்த கணத்திலேயே தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறான். அந்தத் தீர்ப்பைத் தன் உயிரைக் கொண்டே நிறைவேற்றியும் விடுகிறான். அதிகாரத்தின் உச்சியில் இருப்பவன் பழியைக் கீழே தள்ளாமல் தன் மேல் ஏற்றுக்கொள்வதை இவ்வளவு கம்பீரமாகச் சொன்ன இலக்கியம் உலகத்தில் அதிகம் இருக்காது என்பது என் அபிப்பிராயம். அதைப் படித்து நாம் உருகியிருக்கிறோம். 1942இல் வந்த ‘கண்ணகி’ படத்தில் கண்ணாம்பாவும், 1964இல் வந்த ‘பூம்புகார்’ படத்தில் விஜயகுமாரியும் சபையில் நின்று நீதி கேட்டபோது கொட்டகைகள் அதிர்ந்தன.

அந்தக் கைதட்டலில் ஒரு கேள்வி அமுங்கிப் போயிற்று. அதை எனக்கு எடுத்துக் கொடுத்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். எங்கள் வாழப்பாடிப் பக்கத்தில் மாரியம்மன் பண்டிகைக்குக் கோவலன் கூத்து நடக்கும். ஒருமுறை விடியற்காலையில் கூத்து முடிந்து, சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏஞ்சாமி, ராசா செத்தான், ஊரு வெந்துச்சு. அந்தப் பத்தனக் கூப்பிட்டு ஒரு வார்த்தை ஆரும் கேக்கலியே?”

வீட்டுக்கு வந்து நூலை எடுத்துப் புரட்டினேன். கிழவி சொன்னது சரி. அந்தக் கொல்லனைப் பிடித்து நிறுத்தி விசாரித்ததாக ஒரு வரியும் இல்லை. அரசியின் முத்துச் சிலம்பு கிடைத்ததா என்றும் காப்பியம் சொல்லவில்லை. நிரபராதி செத்தான், அரசன் செத்தான், தேவியும் செத்தாள். உண்மையான திருடன் உண்மையான சிலம்போடு எங்கோ இருந்துவிட்டான்.

இளங்கோ இந்தக் கேள்வியை மறந்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நூலில் நீதி தவறிய கதை கோவலனுடையது மட்டும் அல்ல. தேடினால் இன்னும் மூன்று இருக்கின்றன. பலர் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதிகளில் அவை கிடக்கின்றன.

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் வார்த்திகன் கதை ஒன்று. அவனுடைய மகன் தக்கிணன் என்னும் சிறுவன் வேதத்தைப் பிழையில்லாமல் ஓதியதற்காக, வெளியூர் அந்தணர் ஒருவர் அவனுக்குப் பொன்னும் அணிகலனும் பரிசாகக் கொடுத்துப் போகிறார். அரசாங்கச் சேவகர்களுக்கு இது பொறுக்கவில்லை. புதையலை எடுத்து ஒளித்துக்கொண்டான் என்று தகப்பனைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறார்கள். மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. விஷயம் அரசன் காதுக்கு எட்டுகிறது. அவன் விசாரித்து, வார்த்திகனை விடுவித்து, அறிவில்லாத மனிதர்களால் என் ஆட்சி முறை தவறியது, பொறுத்தருள வேண்டும் என்று கேட்டுத் தரையில் விழுந்து வணங்குகிறான். திருத்தங்காலையும் வயலூரையும் நஷ்ட ஈடாகக் கொடுக்கிறான். கோயில் கதவு திறக்கிறது. எல்லாம் சரி, அந்தச் சேவகர்கள் என்ன ஆனார்கள்? அறிவில்லாதவர்கள் என்ற ஒரு வசவோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது.

அதே காதையில் சங்கமன் கதையும் வருகிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்துக்கு வியாபாரத்துக்கு வந்தவன் சங்கமன். அரசாங்கத்தில் வேலை பார்த்த பரதன் என்பவன், இவன் எதிரி நாட்டு ஒற்றன் என்று பொய் சொல்லி அரசனிடம் பிடித்துக் கொடுத்துக் கொல்ல வைக்கிறான். சங்கமனின் மனைவி நீலி சாபமிட்டு உயிரை விடுகிறாள். அந்தப் பரதனே மறுபிறப்பில் கோவலனாகப் பிறந்தான் என்கிறது தெய்வம். பொய்வழக்குப் போட்ட அதிகாரி இங்கே தண்டனை பெறுகிறான், வாஸ்தவம். ஆனால் எப்போது? அடுத்த பிறவியில், தான் செய்தது இன்னதென்றே அறியாமல்.

மூன்றாவது நீர்ப்படைக் காதையில் வருகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், ஆயிரம் பொற்கொல்லரை ஒரே நாளில் கண்ணகிக்குப் பலி கொடுத்தான் என்று ஒரு செய்தி. ஒரு கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் கொல்லர்! அந்த ஆயிரம் பேரும் தட்டாரப் பட்டடையில் உலை ஊதிக்கொண்டிருந்தவர்கள்; சிலம்பைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள். ஒரு கோவலனுக்காக அழுதவர்களே, இந்த ஆயிரம் கோவலர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதுண்டா?

இப்போது நான்கு கதைகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மேலே இருப்பவன் பழி ஏற்று மாய்கிறான். ஓரிடத்தில் கஜானாவிலிருந்து நஷ்ட ஈடு போகிறது. ஓரிடத்தில் கர்மபலன் என்று அடுத்த பிறவிக்குத் தள்ளுபடி ஆகிறது. ஓரிடத்தில் ஆத்திரம் ஒரு குலத்தையே அழிக்கிறது. நான்கிலும் நடக்காத காரியம் ஒன்று உண்டு. பொய் சொன்ன அந்த ஒரு மனிதனைப் பெயர் சொல்லி அழைத்து, நீ இதை ஏன் செய்தாய் என்று இந்தப் பிறவியிலேயே கேட்கும் காரியம்.

இதைக் காப்பியத்தின் குறை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியவில்லை. இந்த நான்கு வழிகளிலும்தான் நாம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறோம்.

நமக்கு நன்றாகத் தெரிந்த வழக்கை எடுத்துக்கொள்வோம். லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1944இல் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அங்கிருந்து வழக்கு மறுபடி சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்து, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். இந்தக் கதையை நம் வீடுகளில் எப்படிச் சொல்கிறோம்? எப்பேர்ப்பட்ட குரல், எப்பேர்ப்பட்ட வாழ்வு, எல்லாம் போயிற்றே என்றுதான் சொல்கிறோம். சிறையிலிருந்து வந்த பிறகு பாகவதருக்குப் பழைய சீர் திரும்பவில்லை என்று பெருமூச்சு விடுகிறோம். நிற்காத ஒரு வழக்கைக் கட்டி நிறுத்தியவர்கள் யார், அவர்கள் பதில் சொன்னார்களா என்று எந்தத் தாத்தாவாவது பேரனுக்குச் சொல்லியிருக்கிறாரா? கிழவி கேட்ட கேள்வியை அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

நஷ்ட ஈட்டு வழி வார்த்திகன் வழி. பீகாரில் ஒருவர் 1968இலேயே கோர்ட்டால் விடுவிக்கப்பட்டும் 14 வருஷம் ஜெயிலிலேயே கிடந்தார். சுப்ரீம் கோர்ட் 1983இல் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் கிடைக்கச் செய்தது. அது வரைக்கும் அப்படி ஒரு வழியே இல்லாதிருந்ததால் அந்தத் தீர்ப்பு பெரிய காரியம்தான். நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் மேல் 1994இல் உளவுப் பழி விழுந்தது; அவரும் ஒரு சங்கமன். அவருக்கு 2018இல் 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது கோர்ட். தவறு செய்த அதிகாரிகள் யார் என்று பார்க்க ஒரு குழுவையும் நியமித்தது. பழி விழுந்தது 1994. அந்தக் குழு பிறந்தது 2018. இடையில் 24 வருஷம்.

நஷ்ட ஈட்டை நான் குறைத்துப் பேசவில்லை. இழந்தவனுக்கு அது நிச்சயம் வேண்டும். பொய்யாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கத் தனிச் சட்ட ஏற்பாடு வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பணம் யார் வீட்டுப் பணம்? நீங்களும் நானும் கட்டுகிற வரிப்பணம். திருத்தங்கால் அரசனுடைய ஊர். சேவகனுடைய ஊர் அல்ல. கஜானா கொடுத்துவிட்டால் கோயில் கதவு திறந்துகொள்ளலாம். பொய் சொன்னவனுடைய மனக்கதவு திறந்துவிடாது.

இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். இதில் சிலம்பின் பரல் எனக்கு அப்படியே தெரிகிறது. மகாராஷ்டிரத்தில் 2003இல் ஒரு குடும்பத்தில் நடந்த கொலைகளுக்காக, நாடோடி இனத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகளுக்கு மரண தண்டனை. 2009இல் சுப்ரீம் கோர்ட்டே ஆறு பேருக்கும் தூக்கு என்று சொல்லிவிட்டது. அதே கோர்ட் 2019இல் மறுபடி ஆராய்ந்து ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அதற்குள் 16 வருஷம் போய்விட்டது. ஏன் விடுவித்தது? கொலையை நேரில் பார்த்து உயிர் பிழைத்த பெண்மணி, ஆரம்பத்திலேயே போலீஸார் காட்டிய படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நான்கு பேர் பக்கம் விசாரணை போகவே இல்லை. அரசுத் தரப்பு அதை முன்வைக்கவும் இல்லை. மாணிக்கம் பதினாறு வருஷமும் கட்டுக்குள்ளேயே இருந்தது. யாரும் சிலம்பை உடைக்கவில்லை.

கோர்ட் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தவறு செய்த போலீஸ் அதிகாரிகளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. இந்த இரண்டாவது வாக்கியம் இருக்கிறதே, அதுதான் கிழவி கேட்ட கேள்வி. அதற்கும் முன்பே, 2014 ஜனவரியில் குஜராத் வழக்கு ஒன்றில், வழக்குத் தோற்று எதிரி விடுதலையாகும் ஒவ்வொரு முறையும் அதற்குக் காரணமான விசாரணை அதிகாரி யார், அரசு வக்கீல் யார் என்று ஆராய ஒவ்வொரு மாநிலமும் நிலையான குழு அமைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. போலீஸ், வழக்கு நடத்தும் துறை இரண்டிலும் உள்ள மூத்த அதிகாரிகள் அந்தக் குழுவில் இருப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனாலும், கொல்லனை விசாரிக்கக் கொல்லர் தெருப் பஞ்சாயத்தையே உட்கார வைத்தால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்ற சந்தேகம் நம் கிராமத்து மனுஷனுக்கு எழத்தான் செய்யும்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒருவனைத் தூக்குக்கு அனுப்பும் நோக்கத்தோடு பொய்ச் சாட்சியம் சொன்னாலும் புனைந்தாலும் கடுமையான தண்டனை உண்டு என்று 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டமே சொல்லிற்று. அதனால் ஒரு நிரபராதி தூக்கில் மாண்டுவிட்டால், பொய் சொன்னவனுக்கும் மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்திருக்கும் பாரதீய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. கொல்லனுக்கென்றே எழுதி வைத்த சட்டம்! ஆனால் அரசு ஊழியர் பலர் மேல், கடமையின் பேரில் செய்த காரியம் என்றால், வழக்குத் தொடர அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டியிருக்கிறது. கதவு இருக்கிறது, சாவி வேறு வீட்டில் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் பாருங்கள். தேனி மாவட்டத்துச் சுருளி அருவிப் பக்கம் 2011இல் இரண்டு இளம் உயிர்கள் பலியாயின. அந்தக் கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஒருவரை 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. தடயங்களைச் சேகரித்துப் பத்திரப்படுத்தி அனுப்பிய முறையில் கண்ட கோளாறுகளை எடுத்துச் சொன்னதோடு, மரபணுச் சான்றுகளை இனி எப்படிக் கையாள வேண்டும் என்று நாடு முழுவதற்கும் விதியும் வகுத்தது. இப்படிப்பட்ட தீர்ப்பு வரும்போதெல்லாம் நாம் விடுதலையானவரைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இறந்துபோன பிள்ளைகளைப் பெற்றவர்களை நினைத்துப் பார்த்தோமா? பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் கையில் என்ன மிஞ்சியது? அசட்டையாக நடத்தப்படும் விசாரணை கூண்டில் நிற்பவனுக்கு மட்டும் எதிரி என்று எண்ணக் கூடாது. பறிகொடுத்தவனுக்கும் அதுவே எதிரி. கோவலனைக் கொன்றதனால் தேவியின் சிலம்பும் திரும்பி வரவில்லை அல்லவா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். போலீஸ்காரனையும் அரசு வக்கீலையும் இப்படித் துருவிக் கேள்வி கேட்டால் நாளைக்கு எவன் துணிந்து ஒரு திருடனைப் பிடிப்பான் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் தவறிப் போவது வேறு, தெரிந்தே மறைப்பது வேறு. வைத்தியர் மருந்து கொடுத்தும் நோயாளி இறந்துபோனால் அவரை யாரும் கொலைகாரர் என்பதில்லை. சீட்டைத் திருத்தி எழுதினால்தான் சும்மா விடமாட்டோம். தவிர, பொறுப்புக் கேட்பது நேர்மையான காவலனுக்குத்தான் முதல் பாதுகாப்பு. மதுரையில் அந்தக் காவலர்கள் சந்தேகப்பட்டார்களே, அந்தச் சந்தேகத்தைச் சொல்லிவிட்டு அவர்கள் தைரியமாகத் திரும்பிப் போயிருக்க வழி இருந்ததா? நிரபராதியைக் கொன்றாலும் கேள்வி உண்டு என்று இருந்திருந்தால், தயங்கிய காவலன் கை ஓங்கியிருக்கும்; குடித்தவன் கை தாழ்ந்திருக்கும்.

கேள்வி கேட்டால் பதில் கிடைக்குமா என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வாழப்பாடிக்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால், அரூர் வட்டத்தில் சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பழங்குடி ஊர். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அங்கே புகுந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அதன் பிறகு கடத்தல்காரர்கள் என்ற பழியும் அந்த ஊர் மேலேயே விழுந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேலம் மத்திய சிறையில் அடைத்தார்கள். அடித்தவனே வழக்கும் போட்டான்.

அந்த ஊர்ப் பெண்கள் கஜானா கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்கவில்லை. கோர்ட்டுப் படி ஏறிச் சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளும் ஊழியர்களும் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2023இல் சென்னை ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் என்றும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் சொன்னது. அன்றைக்குக் கலெக்டராகவும் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டாகவும் மாவட்ட வன அதிகாரியாகவும் இருந்தவர்கள் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

அந்த 5 லட்சத்தைக் கவனியுங்கள். வார்த்திகன் கதையில் இல்லாதது அதுதான். நஷ்ட ஈட்டில் பாதி சேவகன் மடியிலிருந்து வர வேண்டும் என்று இங்கே ஒரு நீதிபதி எழுதினார். ஒரு துறையையோ ஒரு ஜாதியையோ மொத்தமாகப் பலி கொடுக்கவில்லை; கூண்டில் ஒவ்வொருவராக நிறுத்தி, பெயர் சொல்லி அழைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். 31 வருஷம் ஆயிற்று என்பது நமக்குத் தலைகுனிவு. ஆனாலும் இளங்கோவின் மதுரையில் நடக்காதது நம் தர்மபுரியில் நடந்தது.

இதில் எழுதுகிறவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. டால்ஸ்டாய் ஒரு சிறுகதை எழுதினார். செய்யாத கொலைக்காக ஒரு வியாபாரி 26 வருஷம் சைபீரியாவில் கிடக்கிறான். உண்மைக் கொலைகாரனை அங்கேயே சந்தித்து, அவனை மன்னித்து, விடுதலை உத்தரவு வருவதற்குள் கண்ணை மூடிவிடுகிறான். ஆத்மாவைத் தொடும் கதை. ஆனால் அதில் அந்த வியாபாரியைப் பிடித்த அதிகாரி, தண்டித்த நீதிபதி யாருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. கடவுள் பார்த்துக்கொள்வார்.

பிரான்ஸில் ஜோலா வேறு வழியில் போனார். ராணுவ அதிகாரி டிரைபஸ் பொய்க் குற்றச்சாட்டில் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டபோது, 1898 ஜனவரி 13இல் ஜனாதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். அதில் அவர் அழவில்லை. ராணுவ அதிகாரிகளையும், கையெழுத்து நிபுணர்கள் என்று வந்து பொய் அறிக்கை கொடுத்தவர்களையும் பெயர் பெயராகச் சொல்லிக் குற்றம் சாட்டினார். அதற்காக அவருக்கே தண்டனை கிடைத்தது; இங்கிலாந்துக்கு ஓட நேர்ந்தது. டிரைபஸ் முழுக்கக் குற்றமற்றவர் என்று 1906இல் தீர்ப்பானபோது ஜோலா உயிரோடு இல்லை. அந்த அதிகாரிகளோ 1900இல் வந்த பொது மன்னிப்புச் சட்டத்தில் தப்பிக்கொண்டார்கள். அங்கேயும் கொல்லன் தப்பினான்தான். ஆனால் அவன் பெயர் தப்பவில்லை. ஒரு நாவலாசிரியர் அதை எழுதி வைத்துவிட்டார்.

நம் கதைகளில் பாதிக்கப்பட்டவனை நாம் நன்றாக எழுதுகிறோம். லாக்கப்பின் இருட்டையும், அடி வாங்கியவன் உடம்பையும், வாசலில் காத்திருக்கும் தாயையும் எழுதப் பழகிவிட்டோம். கோவை மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய ‘லாக்கப்’ நாவலில் ஒரு படி மேலே போனார். போலீஸ் நிலையத்துக்குள் வழக்கை முடித்துக் காட்ட வேண்டிய நெருக்கடி எப்படி ஆள் பிடிக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர் அவர். இன்னும் போக வேண்டும். பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவரை எழுத வேண்டும். கட்டுக்குள் மாணிக்கம் இருப்பது தெரிந்தும் கோர்ட்டில் வாயைத் திறக்காத வக்கீலை எழுத வேண்டும். ராட்சதர்களாக அல்ல, நம் தெருவில் குடியிருக்கிற மனிதர்களாக. சந்தேகம் வந்ததும் அதை விழுங்கிக்கொண்ட அந்தக் காவலனை முக்கியமாக எழுத வேண்டும். அவன்தான் நம்மில் பெரும்பாலோர்.

மதுரை எரிந்த இடத்தில் கைதட்டிப் பழகிய நாம், அந்தக் குடிசை வாசலில் சற்று நின்று பார்க்க வேண்டும். உள்ளே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பையில் முத்துப் பரல் உள்ள சிலம்பு ஒன்று இன்னும் இருக்கிறது.